தாம்பரம் சானடோரியமும் மருத்துவர் பயிற்சியும்: நோய், அச்சம், பாதுகாப்பு குறித்த வரலாற்று நோக்கு

ஆய்வுச் சுருக்கம்

தமிழகத்தில் மருத்துவக் கல்வியின் வரலாறு பெரும்பாலும் கல்லூரிகளின் வரலாறாகவே எழுதப்பட்டுள்ளது. சென்னையின் தென்புறநகரான தாம்பரத்தில் 1928இல் தொடங்கப்பட்ட காசநோய்ச் சானடோரியம் கல்லூரியாகத் தோன்றியதன்று. எனினும் காசநோய், எச்.ஐ.வி. தொற்று, சித்த மருத்துவம் ஆகிய மூன்று களங்களில் மருத்துவர்களைப் பயிற்றிய இடமாக அவ்வளாகம் அமைந்தது. நகரம் விலக்கிய நோயாளர்களே இப்பயிற்சிக்கு அடித்தளமாயினர் என்பதையும், பயிற்சி பெறுவோருக்கான பாதுகாப்பு உண்மையான இடரைப் பின்பற்றாமல் அச்சத்தைப் பின்பற்றியே வளர்ந்தது என்பதையும் இக்கட்டுரை ஆராய்கிறது.

திறவுச்சொற்கள்: தாம்பரம், சானடோரியம், சௌரி முத்து, காசநோய், எச்.ஐ.வி., சித்த மருத்துவம், பயிற்சி மருத்துவர், தொற்றுப் பாதுகாப்பு.

முன்னுரை

தாம்பரத்திற்கு முந்தைய புறநகர் இரயில் நிலையத்தின் பெயர் தாம்பரம் சானடோரியம். அதற்கும் முந்தைய நிலையம் குரோம்பேட்டை. குரோம் தோல் பதனிடும் தொழிற்சாலையால் பெயர் பெற்ற ஊர். அடுத்தடுத்த இரு நிலையங்களின் பெயர்களும் நகரம் தன் எல்லைக்கு வெளியே வைக்க விரும்பிய இரண்டைக் குறிப்பவை. ஒன்று தோல் பதனிடுதல், மற்றொன்று காசநோய். ஊர்ப்பெயராய்வாளர்கள் இவ்விணையைப் பெரிதாகக் கருதவில்லை. ஆனால் தென்புறநகரின் தொடக்ககால இயல்பை உணர்த்த இதைவிடச் சுருக்கமான சான்று கிடைப்பது அரிது.

மருத்துவக் கல்வியின் வரலாற்றை எழுதுவோர் 1835இல் தொடங்கிய சென்னை மருத்துவப் பள்ளியிலிருந்து புறப்பட்டு, கல்லூரிகளின் பெருக்கம், பாடத்திட்ட மாற்றம், சேர்க்கை விதிகள் என்று செல்வது வழக்கம். அவ்வழியில் தாம்பரம் சானடோரியம் வருவதில்லை. அது கல்லூரியாகத் தொடங்கப்படவில்லை; பட்டம் வழங்கும் அதிகாரமும் அதற்கு இருந்ததில்லை. ஆயினும் ஒரு மருத்துவர் தம் பணியைக் கற்பது வகுப்பறையைவிட நோயாளியின் படுக்கையருகே என்பதை ஏற்றால், எந்தப் படுக்கை, எங்கே, யாருடையது என்ற வினாக்கள் வரலாற்று வினாக்களாகின்றன. அங்கே கற்க வந்தவரை யார் காத்தனர் என்பதும் அவற்றோடு சேர்ந்தே எழுகிறது.

சௌரி முத்துவும் திறந்தவெளி மருத்துவமும்

சானடோரியத்தை நிறுவிய மருத்துவர் டேவிட் ஜேக்கப் ஆரோன் சௌரி முத்து தம் மருத்துவ வாழ்வின் பெரும்பகுதியை இங்கிலாந்தில் கழித்தவர். சாமர்செட் பகுதியில் வெல்ஸ் நகருக்கு அருகிலுள்ள மெண்டிப் மலைச் சானடோரியத்தை நடத்தியவர். கணித மேதை இராமானுசன் 1914இல் நெவாசா கப்பலில் இங்கிலாந்து சென்றபோது அதே கப்பலில் இவரும் பயணம் செய்தார். 1917இல் நோயுற்ற இராமானுசன் சில காலம் தங்கிச் சிகிச்சை பெற்றது இவருடைய சானடோரியத்தில்தான்.

இங்கு ஒரு குறிப்பு தேவை. இராமானுசனுக்கு இருந்தது காசநோய் என்பதே நெடுங்காலக் கருத்து. 1994இல் டி.ஏ.பி. யங் என்ற ஆய்வாளர் கிடைக்கக்கூடிய குறிப்புகளை மறுபடி ஆராய்ந்து, அது கல்லீரலைத் தாக்கிய அமீபா நோயாக இருந்திருக்கலாம் என்று வாதிட்டார். அவ்வாதம் சரியெனின், ஒரு நோய்க்கென்றே அமைந்த மருத்துவமனைகளின் பொதுவான குறை அதில் வெளிப்படுகிறது. அத்தகைய இடம், வருபவர் அனைவரையும் தன் நோயின் வழியாகவே பார்க்கும்படி மருத்துவரைப் பழக்கிவிடும். தனிநோய் மருத்துவமனையில் பயிற்சி பெறுவதன் வலிமையும் இதுவே, ஆபத்தும் இதுவே.

திறந்தவெளிச் சானடோரியங்களில் 22 ஆண்டுகள் பெற்ற பட்டறிவை முத்து 1922இல் காசநோய் பற்றிய ஆங்கில நூலாக வெளியிட்டார். 1928இல் தாம்பரத்தில், பச்சைமலை அடிவாரத்தில், ஏறத்தாழ 250 ஏக்கர் நிலத்தில், மிகச் சில படுக்கைகளுடன் தம் சானடோரியத்தைத் தொடங்கினார். காசநோய்க்கு மருந்தே இல்லாத காலம் அது. ஓய்வு, சத்துணவு, தூய காற்று, அளவான உழைப்பு ஆகியவையே சிகிச்சை. எனவே இடத்தேர்வே மருத்துவத்தின் முதற்படி. நகரத்திலிருந்து விலகிய, மரங்கள் அடர்ந்த, உலர்ந்த நிலம் வேண்டும். அதே வேளையில் நோயாளரும் மருத்துவரும் வந்து சேரவும் வேண்டும். 1931இல் சென்னைக் கடற்கரை முதல் தாம்பரம் வரை மின்சார இரயில் ஓடத் தொடங்கியபோது இரண்டாவது தேவையும் நிறைவேறியது. 1937இல் சென்னைக் கிறித்துவக் கல்லூரி நகரின் நடுவிலிருந்து தாம்பரத்திற்கு இடம்பெயர்ந்தது. சானடோரியம் தனியாரிடமிருந்து அரசிடம் சென்றதும் அதே ஆண்டில்தான்.

இந்தியாவில் இத்தகைய முயற்சிகளுக்கு முன்மாதிரிகள் இருந்தன. 1915இல் திறக்கப்பட்ட மதனப்பள்ளி ஆரோக்கியவரம் சானடோரியத்தில் டென்மார்க்கைச் சேர்ந்த கிறிஸ்டியன் ஃப்ரிமோட் மோலர் தலைமை மருத்துவராக இருந்து, நோயாளரைப் பேணுவதோடு மருத்துவர்களையும் காசநோய்ப் பணிக்கு ஆயத்தப்படுத்தினார். சானடோரியப் பயிற்சி கல்லூரிப் பயிற்சியிலிருந்து ஒரு வகையில் வேறுபட்டது. கல்லூரி மருத்துவமனையில் ஒரு மாணவர் ஒரு நோயாளியைச் சில நாள்களே காண்பார். சானடோரியத்தில் அதே முகத்தை மாதக்கணக்கில், சில வேளைகளில் ஆண்டுக்கணக்கில் காண நேரும். எடை ஏறுவது, காய்ச்சல் தணிவது, மீண்டும் இருமலில் குருதி தோன்றுவது என நோயின் முழு நடையையும் கண்டு கற்பது அங்கேதான் இயலும். குணமாக்க இயலாதபோதும் மருத்துவர் உடனிருக்க வேண்டும் என்பது எந்தப் பாடத்திட்டத்திலும் அன்று எழுதப்படாத பாடம்.

முத்துவின் இன்னொரு நூலும் இங்கு நினைவுகூரத்தக்கது. 1930இல் அவர் இந்திய மருத்துவத்தின் தொன்மை குறித்து ஆங்கிலத்தில் ஒரு நூல் வெளியிட்டார். மேலை மருத்துவத்தில் பயின்று, இங்கிலாந்தில் புகழ்பெற்ற ஒருவர் நாட்டு மருத்துவ மரபை நோக்கித் திரும்பியது அக்காலத் தேசிய உணர்வின் வெளிப்பாடு என்று மட்டும் கொள்வது போதாது. மருந்தில்லா நோயோடு நெடுநாள் போராடியவருக்கு உணவையும் பழக்கத்தையும் மருத்துவமாகக் கருதிய மரபின் மீது ஈர்ப்பு ஏற்படுவது இயல்பே.

சானடோரியத்தின் தேவை மறைதல்

ஸ்ட்ரெப்டோமைசின், பி.ஏ.எஸ்., 1952இல் ஐசோநியாசிட் எனக் காசநோய் மருந்துகள் அடுத்தடுத்து வந்தன. 1956இல் சென்னைச் சேத்துப்பட்டில் தொடங்கிய காசநோய் மருந்தாய்வு மையம் வாலஸ் ஃபாக்ஸ் வழிகாட்டுதலில் ஓர் எளிய வினாவைச் சோதித்தது: ஒரே மருந்தை வீட்டிலிருந்தே உட்கொள்ளும் ஏழை நோயாளிக்கும், சானடோரியத்தில் ஓய்வும் நல்லுணவும் பெற்று உட்கொள்பவருக்கும் பயன் வேறுபடுமா? 1959இல் உலக சுகாதார நிறுவனத்தின் இதழில் வெளியான முடிவு உலகெங்கும் காசநோய்க் கொள்கையை மாற்றியது. ஓராண்டு முடிவில் இரு பிரிவினரும் ஏறத்தாழ ஒரே அளவில் குணமடைந்திருந்தனர். வீட்டிலிருந்து சிகிச்சை பெற்றோரின் குடும்பத்தினருக்குக் கூடுதல் இடர் நேரவில்லை என்பதும் தொடர் ஆய்வுகளில் தெளிவாயிற்று.

சென்னையில் நடந்த ஆய்வே சானடோரியம் என்ற அமைப்பின் அறிவியல் நியாயத்தை முடித்துவைத்தது. ஐரோப்பாவில் பல சானடோரியங்கள் மூடப்பட்டன, விடுதிகளாயின. தாம்பரம் மூடப்படவில்லை. வீட்டில் இருந்தபடியே மருந்துண்ண இயலாதவர், வீடே இல்லாதவர், நோய் முற்றி மூச்சுத் திணறுபவர், மருந்தை இடையில் நிறுத்தி எதிர்ப்புத்தன்மை பெற்ற கிருமியைச் சுமப்பவர் ஆகியோர் அங்கு வந்துகொண்டே இருந்தனர். அரசு நெஞ்சக நோய் மருத்துவமனை என்ற பெயருடன் 776 படுக்கைகள் கொண்ட பெரிய அமைப்பாக அது வளர்ந்தது. புதிய கொள்கையால் எளிய நோயாளர் ஊரகச் சுகாதார நிலையங்களுக்குச் சென்றுவிட, கடினமானவர்கள் மட்டும் தாம்பரத்தில் குவிந்தனர். மார்பு நோய் கற்கும் மருத்துவருக்கு இது பெரும் கல்வி வாய்ப்பு. அவ்வாய்ப்பு பிறருடைய இழப்பின் மீது அமைந்தது என்பதையும் வரலாறு மறைக்க வேண்டியதில்லை.

இதே பெருஞ்சாலையில் தெற்கே ஏறத்தாழ 30 கிலோமீட்டர் தொலைவில், செங்கல்பட்டை அடுத்த திருமணியிலிருந்த லேடி வெலிங்டன் தொழுநோய்ச் சானடோரியத்தை ஒப்பிட்டு நோக்கலாம். அங்கே பணியாற்றிய ராபர்ட் காக்ரேன் வேலூர் கிறித்துவ மருத்துவக் கல்லூரிக்கும் முதல்வராக இருந்தவர். 1947இல் இளம் எலும்பு அறுவை மருத்துவரான பால் பிராண்ட் அங்கு வந்து காக்ரேனுடன் நோயாளர்களைச் சுற்றிப் பார்த்தார். விரல்கள் மடங்கிப்போன ஒரு நோயாளியின் கையைப் பற்றியபோது, செயலிழந்ததாகக் கருதப்பட்ட அக்கையில் எதிர்பாராத வலிமை இருப்பதை உணர்ந்தார். தொழுநோயாளரின் கைகளைச் சீரமைக்கும் அறுவை மருத்துவம் வேலூரில் வளர்ந்ததற்கு அந்தக் கைப்பிடிப்பு ஒரு தொடக்கம். அதுவரை எந்த எலும்பு மருத்துவரும் அந்நோயாளரைத் தொட்டுப் பார்க்க முனையவில்லை என்பதே செய்தியின் சாரம். 1955இல் நடுவண் அரசு அந்நிறுவனத்தை ஏற்று நடத்தத் தொடங்கியபோது, தொழுநோய்ப் பயிற்சிக்கும் ஆய்வுக்குமான மைய நிறுவனம் என்று அதன் பெயரிலேயே பயிற்சியைச் சேர்த்தது. தாம்பரத்திற்கு அத்தகைய பெயர் வாய்க்கவில்லை. அங்குப் பயிற்சி நிகழ்ந்தது. பெயர்ப்பலகையில் அது இடம்பெறவில்லை.

எச்.ஐ.வி.: அச்சத்தின் நடுவே பயிற்சி

1986இல் சென்னை மருத்துவக் கல்லூரியில் சுனிதி சாலமன் வழிகாட்டுதலில் ஆய்வு மேற்கொண்ட பட்டமேற்படிப்பு மாணவி செல்லப்பன் நிர்மலா, இந்தியாவில் எச்.ஐ.வி. தொற்று இருப்பதை முதன்முதலில் கண்டறிந்தார். மருத்துவக் கல்வி வரலாற்றில் இந்நிகழ்வுக்குத் தனி இடம் உண்டு. நாடு முழுவதும் பின்னர் எதிர்கொண்ட பெருந்தொற்றின் முதல் அடையாளம் ஒரு மாணவியின் ஆய்வேட்டிலிருந்து வெளிப்பட்டது.

கண்டறிதலும் சிகிச்சையும் ஒன்றல்ல. தொடக்க ஆண்டுகளில் எச்.ஐ.வி. உள்ளோரைப் படுக்கையில் சேர்க்கப் பல மருத்துவமனைகள் தயங்கின, மறுத்தன. தாம்பரம் மருத்துவமனை 1993 முதல் அவர்களைச் சேர்த்துக்கொண்டது. காரணம் கொள்கை மட்டுமன்று, நோயின் இயல்பும்கூட. எதிர்ப்பாற்றல் குன்றியோரை இந்தியாவில் பெரிதும் தாக்குவது காசநோய். அவர்கள் இருமலோடும் காய்ச்சலோடும் வருவது மார்பு நோய் மருத்துவமனைக்கே. ஆயினும் வந்தவரைத் திருப்பி அனுப்பாமல் ஏற்பது ஒரு முடிவு. 1990களில் அம்மருத்துவமனையை வழிநடத்திய மருத்துவர் செ.நெ. தெய்வநாயகத்தின் பெயர் அம்முடிவோடு இணைத்தே பேசப்படுகிறது. மேலை மருத்துவம் பயின்ற மார்பு நோய் வல்லுநரான அவர், எச்.ஐ.வி. உள்ளோருக்கு இரசகந்தி மெழுகு, அமுக்கராச் சூரணம், நெல்லிக்காய் இலேகியம் ஆகிய சித்த மருந்துகளையும் வழங்கச் செய்தார். வைரசைக் கட்டுப்படுத்தும் கூட்டு மருந்துகள் அன்று இந்திய ஏழை நோயாளிக்கு எட்டாத விலையில் இருந்தன. 2001இல் சிப்ளா நிறுவனம் ஓராண்டுக்கான மருந்தை 350 டாலருக்குத் தர முன்வந்த பின்னரே நிலைமை மாறத் தொடங்கியது. அச்சித்த மருந்துகளின் பயன் குறித்த விவாதம் இங்குத் தேவையில்லை. கொடுக்க ஏதுமில்லை என்று கைவிரிக்க மறுத்த ஒரு மருத்துவமனையில் இளம் மருத்துவர்கள் பணியாற்றினர் என்பதே பயிற்சி வரலாற்றுக்கு முதன்மையானது.

2004 ஏப்ரல் 1 அன்று நடுவண் அரசின் இலவசக் கூட்டு மருந்துத் திட்டம் நாட்டின் எட்டு அரசு மருத்துவமனைகளில் தொடங்கியது. தாம்பரம் அவற்றுள் ஒன்று. அக்காலத்தில் வாஷிங்டன் பல்கலைக்கழகத்தைச் சார்ந்த ஐ-டெக் என்னும் பன்னாட்டுப் பயிற்சி அமைப்பும் தாம்பரத்தைக் களமாகக் கொண்டு மருத்துவர்களுக்கும் செவிலியர்களுக்கும் எச்.ஐ.வி. மருத்துவப் பயிற்சி அளிக்கத் தொடங்கியது. தேசிய எய்ட்ஸ் கட்டுப்பாட்டு அமைப்பு பின்னர் இம்மருத்துவமனையை உயர்சிறப்பு மையங்களுள் ஒன்றாக அறிவித்தது. கூட்டு மருந்தை எப்போது தொடங்குவது, காசநோய் மருந்தோடு எவ்வாறு இணைப்பது, பக்க விளைவை எவ்வாறு அறிவது என்பன போன்றவற்றை நூலில் படித்தவர்கள், படுக்கையருகே கற்கும் வாய்ப்பை இங்குப் பெற்றனர். ஒதுக்கப்பட்டோருக்கென 1928இல் ஊருக்கு வெளியே அமைந்த இடம், பிற மருத்துவமனைகளின் மருத்துவர் வந்து கற்கும் இடமாக மாறியது.

இதே காலத்தில் நோயாளரும் தமக்கெனக் குரல் பெற்றனர். எச்.ஐ.வி. உள்ளோருக்கான இந்திய வலையமைப்பு 1997இலும், எச்.ஐ.வி. உள்ள பெண்களின் வலையமைப்பு 1998இலும் சென்னையில் தோன்றின. நோயாளி கேட்கும் வினாவுக்கு மருத்துவர் விடை சொல்லியாக வேண்டிய சூழல் உருவானது. மருத்துவப் பாடத்திட்டத்தில் மனப்பாங்கு, அறநெறி, உரையாடல் திறன் ஆகியவற்றுக்கான தனிப் பகுதி 2019இல்தான் நாடு முழுவதும் நடைமுறைக்கு வந்தது. அதற்கு ஏறத்தாழ இருபதாண்டுகளுக்கு முன்பே சென்னையில் அப்பாடத்திற்கான தேவையை உரத்துச் சொன்னவர்கள் நோயாளர்களே.

இடரும் அச்சமும்

பயிற்சி பெறுவோரின் பாதுகாப்பு குறித்த இன்றைய ஆய்வுகளை இவ்வரலாற்றோடு சேர்த்துப் படிக்கும்போது ஒரு முரண் தெளிவாகிறது.

எச்.ஐ.வி. உள்ளவரின் குருதி பட்ட ஊசி குத்தினால் தொற்று ஏற்படும் வாய்ப்பு ஏறத்தாழ 0.3 விழுக்காடு, அதாவது ஆயிரம் ஊசிக்குத்துகளில் மூன்று. இதற்கெனத் தடுப்பு மருந்தும் உண்டு. இயன்றவரை இரண்டு மணி நேரத்திற்குள்ளும், எவ்வாறாயினும் 72 மணி நேரத்திற்குள்ளும் அதைத் தொடங்க வேண்டுமென்பது தேசிய வழிகாட்டு நெறி. 2018 செப்டம்பரில் நடைமுறைக்கு வந்த எச்.ஐ.வி. - எய்ட்ஸ் சட்டம், மருத்துவப் பணியாளருக்குப் பாதுகாப்பான பணிச்சூழலையும் இத்தடுப்பு மருந்தையும் வழங்குவதை நிறுவனங்களின் சட்டக் கடமையாக்கியது.

காசநோயின் கதை வேறு. மகாராட்டிர மாநிலம் சேவாகிராமம் மருத்துவக் கல்லூரியில் மதுகர் பை முதலியோர் 726 மருத்துவப் பணியாளரிடம் நடத்தி 2005இல் வெளியிட்ட ஆய்வில், மாணவர் உட்பட ஆராயப்பட்டோரில் ஏறத்தாழ பாதிப் பேருக்கு மறைநிலைக் காசநோய்த் தொற்று இருப்பது தெரிந்தது. வேலூர் கிறித்துவ மருத்துவக் கல்லூரியில் செவிலிய மாணவியரைத் தொடர்ந்து கண்காணித்து 2011இல் வெளியான ஆய்வு இன்னும் நேரடியானது: ஓராண்டுக் காலத்தில் புதிதாகத் தொற்றுக்கு ஆளானோர் ஏறத்தாழ 7.8 விழுக்காடு. மறைநிலைத் தொற்று நோயாக வெளிப்பட வேண்டிய கட்டாயமில்லை, பெரும்பாலோருக்கு வெளிப்படுவதுமில்லை. இரு எண்களும் ஒரே அளவுகோலில் ஒப்பிடத்தக்கவையும் அல்ல. ஒன்று ஒரு விபத்துக்கான வாய்ப்பு, மற்றொன்று ஓராண்டுப் பணியில் நேர்வது. ஆயினும் ஊசிக்குத்து எப்போதோ நேர்வது, மூச்சோ இடைவிடாதது.

அப்படியிருக்க, 1990களில் மருத்துவமனைகள் கதவடைத்தது எச்.ஐ.வி. உள்ளோருக்கே. காசநோயாளியைப் பரிசோதித்த அதே பயிற்சி மருத்துவர், எச்.ஐ.வி. நோயாளியின் அருகே செல்லத் தயங்கினார். முன்னது பழகிய நோய். ஏழைகளின் நோயென்று ஏற்கப்பட்டது. பின்னது புதியது, ஒழுக்கத்தோடு இணைத்துப் பேசப்பட்டது. பாதுகாப்பு ஏற்பாடுகளும் இவ்வச்சத்தின் வரிசையிலேயே வளர்ந்தன. ஊசிக்குத்துக்கு நேரக்கணக்கும் சட்டமும் வந்தன. காற்றுவழித் தொற்றைத் தடுப்பதற்கான தேசிய வழிகாட்டு நெறிகள் 2010இல்தான் வெளியாயின, அவற்றுக்கு எச்.ஐ.வி. சட்டத்தைப் போன்ற சட்ட வலிமை இல்லை. காசநோயாளர் நிறைந்த கூடத்தில் ஈராண்டு, மூவாண்டு பயிலும் பட்டமேற்படிப்பு மாணவருக்கு அவர் சேர்ந்தபோது தொற்று இருந்ததா, வெளியேறும்போது இருக்கிறதா என்பதை அறியும் ஏற்பாடு எவ்வளவு பரவலாக உள்ளது என்பது ஆய்வாளர்கள் தொடர்ந்து கேட்க வேண்டிய வினா.

கட்டடக்கலை இங்கு எதிர்பாராத சான்றாகிறது. பெரு நாட்டின் லிமா நகரில் எஸ்கோம்பும் பிறரும் நடத்தி 2007இல் வெளியிட்ட ஆய்வு, உயர்ந்த கூரையும் பெரிய சன்னல்களும் கொண்ட பழைய மருத்துவமனைக் கூடங்களில் மணிக்கு 40 முறை காற்று மாறுவதையும், புதிய கட்டடங்களில் 17 முறையே மாறுவதையும் காட்டியது. இயந்திரக் காற்றோட்டம் அமைந்த தனியறைகளில் அது 12 முறை மட்டுமே. காற்று மாறும் அளவு கூடக்கூடத் தொற்றும் வாய்ப்பு குறையும். நோயாளியைக் குணமாக்கவென்று திறந்தவெளிச் சானடோரிய மரபு வகுத்த தாழ்வாரமும் சன்னலும், மருந்துகள் வந்த பின் பயனற்றவையாகக் கருதப்பட்டன. அவை நோயாளியைக் குணப்படுத்தவில்லை என்பதைச் சேத்துப்பட்டு ஆய்வு காட்டியது. ஆனால் அருகே நின்ற மருத்துவரையும் செவிலியரையும் அவை காத்திருக்கக்கூடும் என்பதை எவரும் அன்று அளக்கவில்லை. குளிரூட்டப்பட்ட மூடிய கூடங்களை முன்னேற்றமாகக் கருதும் இக்காலத்தில் இது சிந்திக்கத்தக்கது.

அயோத்திதாசர் பெயரில் ஒரு மருத்துவமனை

சானடோரியப் பகுதியில் மூன்றாவது பயிற்சிக் களம் சித்த மருத்துவத்திற்கானது. அதன் முன்வரலாறு நெடியது. 1921இல் சென்னை மாகாண அரசு முகமது உஸ்மான் தலைமையில் அமைத்த குழு, இந்திய மருத்துவ முறைகளின் நிலையை ஆராய்ந்து 1923இல் அறிக்கை அளித்தது. கேப்டன் ஜி. சீனிவாசமூர்த்தி அக்குழுவின் செயலாளர். அறிக்கையின் விளைவாக 1920களின் நடுப்பகுதியில் சென்னையில் தோன்றிய அரசு இந்திய மருத்துவப் பள்ளியில் சித்தம், ஆயுர்வேதம், யுனானி ஆகியவற்றோடு மேலை மருத்துவத்தின் அடிப்படைகளும் கற்பிக்கப்பட்டன. கீழ்ப்பாக்கத்தில் நிலைபெற்ற அந்நிறுவனம் கல்லூரியாக உயர்ந்து, இறுதியில் 1960இல் கீழ்ப்பாக்கம் மருத்துவக் கல்லூரி என்னும் மேலை மருத்துவக் கல்லூரியாகவே மாறிவிட்டது. சித்தக் கல்வி 1964இல் பாளையங்கோட்டையில் புதிதாகத் தொடங்க வேண்டியதாயிற்று. இருமுறைகளையும் ஒருவருக்கே கற்பித்த முயற்சி, ஒன்று மற்றொன்றை விழுங்குவதில் முடிந்தது என்று சொல்வது மிகையாகாது.

தாம்பரம் சானடோரியத்தில் தேசிய சித்த மருத்துவ நிறுவனத்திற்கு 1999இல் அடிக்கல் நாட்டப்பட்டது. 2005 செப்டம்பர் 3 அன்று பிரதமர் மன்மோகன் சிங் அதை நாட்டுக்கு அர்ப்பணித்தார். நடுவண் அரசும் தமிழக அரசும் செலவைப் பகிர்ந்துகொண்டு அமைத்த இந்நிறுவனம் தொடக்கத்தில் பொது மருத்துவம், குணபாடம், சிறப்பு மருத்துவம், குழந்தை மருத்துவம், நோய் நாடல், நஞ்சு நூல் ஆகிய துறைகளில் பட்டமேற்படிப்பை நடத்தியது. பட்டம் வழங்குவது கிண்டியிலுள்ள தமிழ்நாடு டாக்டர் எம்.ஜி.ஆர். மருத்துவப் பல்கலைக்கழகம். நிறுவனத்தின் மருத்துவமனைக்கு அயோத்திதாசப் பண்டிதர் பெயர் சூட்டப்பட்டுள்ளது. பௌத்த மறுமலர்ச்சியாளராகவும் இதழாளராகவும் அறியப்படும் அயோத்திதாசர் (1845–1914) சித்த மருத்துவர் என்பதைத் தமிழாய்வுலகம் பல ஆண்டுகள் அடிக்குறிப்பாகவே கண்டது. ஒதுக்கப்பட்ட நோய்க்கென உருவான நிலத்தில், ஒதுக்கப்பட்ட மக்களுக்காகப் பேசிய மருத்துவரின் பெயர் நிற்பது தற்செயலாயினும் பொருத்தமானது.

நாடி, பரிசம், நா, நிறம், மொழி, விழி, மலம், மூத்திரம் என்னும் எண்வகைத் தேர்வில் பெரும்பாலானவை நோயாளியை நெருங்கி, தொட்டு, கேட்டு அறிவன. மரபுவழி வைத்தியர் இதை ஆசானுடன் பல்லாண்டு இருந்து கற்றார். கல்லூரி முறை அதைத் தேர்வுக்கும் மதிப்பெண்ணுக்கும் உரியதாக்கியது. தாம்பரத்து மாணவர் தம் ஆய்வேடுகளில் சித்தர் பாடல்களைத் தமிழில் மேற்கோள் காட்டி, விளக்கத்தைப் பெரும்பாலும் ஆங்கிலத்தில் எழுதுகின்றனர். இவ்வேடுகள் பல்கலைக்கழகத்தின் இணையக் களஞ்சியத்தில் கிடைக்கின்றன. மருத்துவத் தமிழின் கலைச்சொல் வரலாற்றை எழுத விரும்புவோர் இன்னும் முறையாகத் திறக்காத மூலம் அது. யாழ்ப்பாணத்து மானிப்பாயில் 19ஆம் நூற்றாண்டிலேயே சாமுவேல் கிரீன் மேலை மருத்துவத்தைத் தமிழில் கற்பித்ததை நினைத்தால், தமிழ் மருத்துவத்தை ஆங்கிலத்தில் விளக்கும் இந்நிலை வியப்பளிக்கிறது.

நெஞ்சக நோய் மருத்துவமனையும் சித்த நிறுவனமும் ஒரே நெடுஞ்சாலையில் அண்டை வீடுகள். 1990களில் ஒரே மருத்துவமனைக்குள் இரு முறை மருந்துகளும் வழங்கப்பட்ட நிலை, 2005க்குப் பின் இரு வளாகங்களாகப் பிரிந்தது எனலாம். 2020இல் கொரோனா பரவியபோது தமிழக அரசு கபசுரக் குடிநீரைப் பரவலாக வழங்கியது. அதே வேளையில் நெஞ்சக நோய் மருத்துவமனை மூச்சுத் திணறியோரைச் சேர்த்துச் சிகிச்சை அளித்தது. ஒரே நோயாளி இருபுறமும் செல்வது தாம்பரத்தில் அன்றாட நிகழ்வு. ஆனால் இருபுறத்து மாணவரும் ஒரே நோயாளியைச் சேர்ந்து பார்த்துக் கற்கும் முறையைப் பாடத்திட்டம் வகுக்கவில்லை. மருந்துகள் ஒன்றோடொன்று எவ்வாறு வினைபுரிகின்றன என்பதை அறிவதற்கேனும் அது வேண்டும்.

இன்றைய தென்புறநகர்

குரோம்பேட்டை, இரத்தினமங்கலம், காட்டாங்கொளத்தூர், கேளம்பாக்கம் எனத் தென்புறநகர் முழுவதும் இன்று தனியார் மருத்துவக் கல்லூரிகள் நிறைந்துள்ளன. நோய்க்கென ஒதுக்கப்பட்ட நிலப்பரப்பு மருத்துவப் படிப்பின் நிலப்பரப்பாகிவிட்டது. பயிற்சி மருத்துவர்களின் எண்ணிக்கை பெருகியுள்ள இச்சூழலில் அவர்களுக்கான ஆதரவு குறித்த ஆய்வுகள் தொற்றிலிருந்து மனநலம் நோக்கி விரிந்துள்ளன. தேசிய மருத்துவ ஆணையம் அமைத்த பணிக்குழு 2024இல் அளித்த அறிக்கையில், இணையவழிக் கணக்கெடுப்பில் விடையளித்த இளநிலை மாணவர்களில் 27.8 விழுக்காட்டினரும் பட்டமேற்படிப்பு மாணவர்களில் 15.3 விழுக்காட்டினரும் தமக்கு மனநலக் குறைபாடு இருப்பதாகத் தெரிவித்திருந்தனர். உறைவிட மருத்துவரின் பணிநேரம் வாரத்திற்கு 74 மணியைத் தாண்டக் கூடாது என்று அக்குழு பரிந்துரைத்தது. தாமாக முன்வந்து விடையளித்தோரின் கணக்கு என்பதால் இவ்வெண்களை எச்சரிக்கையோடு கையாள வேண்டும். பட்டமேற்படிப்பில் விழுக்காடு குறைவது நலத்தைக் காட்டுகிறதா, சொல்லத் தயங்குவதைக் காட்டுகிறதா என்பதும் தெளிவில்லை. ஒரு துறையில் நிலைபெற விரும்புபவர் தம் குறையைப் பதிவுசெய்ய அஞ்சுவது இயல்பு. எச்.ஐ.வி. உள்ளோர் 1990களில் தம் நோயை மருத்துவரிடமே மறைத்ததும் இவ்வகை அச்சத்தால்தான். மனநலக் குறைபாட்டைத் தெரிவிக்கும் மாணவரைப் பற்றிய செய்தி அவருடைய துறைத்தலைவருக்குச் செல்லுமா, செல்லாதா என்பதில் தெளிவான விதி இல்லாதவரை, இத்தகைய கணக்கெடுப்புகளில் வெளிப்படும் எண் உண்மை நிலையைவிடக் குறைவாகவே இருக்கும்.